வாலிபர் ஊழியத்துக்கு எந்த வழி? எங்கள் சேகரத்துக்காகச் செய்த ஒப்பீடு

எங்கள் சபையில் வளர்ந்து இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தார், வாலிபர் ஊழியத்துக்கென்று வருடத்துக்கு 2 லட்சம் ரூபாய் வீதம் மூன்று வருடம் தருவதாக எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் சேகரக் கமிட்டியில், அதாவது ஒரே போதகரின் கீழ் இருக்கும் சபைகளின் நிர்வாகக் குழுவில், வாசிக்கப்பட்ட அன்றைக்கே மூன்று கருத்துகள் எழுந்துவிட்டன. முழுநேர ஊழியர் ஒருவரை வைக்கலாம் என்றார்கள் சிலர். ஞாயிறு மாலை நடக்கும் வாலிபர் ஐக்கியக் கூட்டத்தையே நல்ல சவுண்ட் சிஸ்டம், நல்ல பேச்சாளர், வருடத்துக்கு ஒரு பெரிய முகாம் என்று பலப்படுத்தலாம் என்றார்கள் வேறு சிலர். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் அக்கா மட்டும், "பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து வீடுகளில் கூட்டுங்கள், ஐயர்" என்றார்கள். எங்கள் போதகரான ஐயர் என் பக்கம் திரும்பி, "நீங்கள்தான் பதினாலு வருஷமாக இவர்களோடு இருக்கிறீர்கள். மூன்றையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார்.

அப்படி எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். இதே கேள்வி பல சபைகளில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டிய சேகரம் எங்களுடையது. ஒரு தாய்ச்சபை, சுற்றிலும் நான்கு சின்னக் கிளைச்சபைகள். 13 வயதிலிருந்து 25 வயது வரை எங்கள் பதிவேட்டில் 84 பேர் இருக்கிறார்கள். அதில் 31 பேர் படிப்புக்காகவோ வேலைக்காகவோ சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். ஊரில் இருப்பது 53 பேர். ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு வருவது 12 அல்லது 13 பேர். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் என்றால் மட்டும் வேன் கொள்ளாது.

எதை வைத்து ஒப்பிடுவது? எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுவது சுலபம். நானும் பல வருடம் அதைத்தான் எண்ணினேன், வருடாந்தர அறிக்கையிலும் அதைத்தான் எழுதினேன். போன மாதம் பழைய போட்டோ ஒன்றை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தக் கணக்கு போதாது என்று பட்டது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் வளர்ந்து தங்கள் விசுவாசத்தை உறுதிசெய்கிற திடப்படுத்தல் ஆராதனை 2014-இல் நடந்த அன்று எடுத்த போட்டோ அது. பேராயர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பையன்கள் வெள்ளைச் சட்டையில், பெண்பிள்ளைகள் வெள்ளை உடையில், முக்காடு சரிந்துவிடாமல் தலையைக் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மொத்தம் 17 பேர். ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்து, இவன் இப்போது எங்கே, இவள் எங்கே என்று யோசித்தேன். ஏதாவது ஓர் ஊரில், ஏதாவது ஒரு சபையில், விசுவாசத்தோடு நடக்கிறார்கள் என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது ஆறு பேரைத்தான். மூன்று பேருடைய போன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

அந்த ஆறு பேருக்கும் பொதுவாக என்ன இருந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். வேதாகம வினாடி வினாவில் முதல் பரிசு வாங்கியவர்கள் அந்த ஆறில் இல்லை. முகாமில் எழுந்து நின்று சாட்சி சொன்னவர்களில் ஒருவன்தான் இருக்கிறான். மற்றபடி, ஒருவனைப் பாடகர் குழுவை நடத்தும் அண்ணாச்சி ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு பயிற்சிக்கு வருவார். இன்னொருவனிடம், ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் மைக் செட்டை ஒப்படைத்திருந்தார். ஒயரைச் சுற்றிவைத்துக்கொண்டே இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா தங்கை இரண்டு பேர், நர்சிங் படிக்க வெளியூர் போன பிறகும், அவர்களுடைய ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வாரம் தவறாமல் போன் பண்ணுவார். மிச்சம் இரண்டு பேருக்கு வீட்டில் குடும்ப ஜெபம் உறுதியாக இருந்தது.

ஆகவே நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: தன் அப்பா அம்மாவைத் தவிர, சபையில் தன்னைப் பெயர் சொல்லித் தேடுகிற ஒரு பெரியவர், ஒவ்வொரு பிள்ளைக்கும் பல வருடம் தொடர்ந்து கிடைக்க எந்த வழி உதவும்? மூன்று யோசனைகளையும் இந்தக் கேள்வியை வைத்தே பார்த்தேன்.

முழுநேர ஊழியரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கமிட்டியில் அதற்குத்தான் ஆதரவு அதிகம். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,80,000. கிடைக்கும் 2 லட்சத்தில் மிச்சம் 20,000-தான் வண்டி பெட்ரோலுக்கும் மற்ற செலவுக்கும். 15,000-இல் ஒருவர் குடும்பம் நடத்த முடியாது என்பதால் வருகிறவர் பெரும்பாலும் கல்யாணமாகாத வாலிபராக இருப்பார். அவர் பெண்பிள்ளைகளை வீட்டுக்குப் போய்ச் சந்திக்க முடியாது, சந்திக்கவும் கூடாது. 84 பேரில் பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள்.

ஆனாலும் இந்த யோசனையைச் சுலபமாகத் தள்ளிவிட மனம் வரவில்லை. ஒரு முழுநேர ஆளால் மட்டுமே முடிகிற காரியங்கள் இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு பையன் கல்லூரியை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தால் யார் போவது? நான் அப்போது வகுப்பில் இருப்பேன். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், ஹாஸ்டல் என்று நினைத்த நேரத்தில் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். நம் சொந்தச் சரித்திரத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, பேராயர் ஆவதற்கு வெகு நாள் முன்னால், 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊர் ஊராகப் போய் வாலிபர்களைச் சந்தித்தவர். அது முழுநேர வேலைதான். அந்த அனுபவத்திலிருந்துதான் 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அதைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. பக்கத்துச் சேகரம் ஒன்றில் நான் கண்ணாரப் பார்த்ததைச் சொல்கிறேன். நல்ல ஊழியர் ஒருவர் வந்தார், கிதார் வாசிப்பார், பிள்ளைகளோடு கிரிக்கெட்டும் ஆடுவார். ஒரே வருடத்தில் கூட்டம் 15-இலிருந்து 70 ஆனது. அதே வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை பிள்ளைகளை விசாரித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பெரியவர்கள், "அதுக்குத்தான் தம்பி வந்துட்டாரே" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஊழியரோ மெல்ல மெல்ல பேனர் கட்டவும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவும், சபையார் எல்லாருக்கும் விருந்து வைக்கும் அசன விழாவுக்கு வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலையவும் ஆளாகிப்போனார். இரண்டரை வருடத்தில் இறையியல் படிக்கக் கிளம்பிவிட்டார். அவர் போனதில் தப்பில்லை. ஆறு மாதம் கழித்து நான் போனபோது ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊழியர் வருவதற்கு முன்பு இருந்ததைவிடக் குறைவு. பிள்ளைகள் ஒட்டிக்கொண்டிருந்தது அவரிடம்; அவர் மூலமாகச் சபையோடு ஒட்டவில்லை.

நகரத்துச் சபையாக இருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். பாளையங்கோட்டை மாதிரி, சுற்றிலும் கல்லூரியும் ஹாஸ்டலுமாக இருக்கிற இடத்தில் வாலிபர்களில் பாதிப்பேர் வெளியூர்ப் பிள்ளைகள். அங்கே அவர்களுக்கு மாமாவும் இல்லை, சித்தியும் இல்லை, பழைய ஓய்வுநாள் பள்ளி டீச்சரும் இல்லை. அங்கே முழுநேர ஊழியர் கண்டிப்பாக வேண்டும், முடிந்தால் ஆண் ஒருவர், பெண் ஒருவர். எங்கள் ஊரில் பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசாமல் ஒரே ஆலயத்தில் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் குறை. அதைச் சம்பளம் கொடுத்து ஒரு ஆளை வைத்துச் சரிசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ஞாயிறு மாலைக் கூட்டமும் முகாமும்.

இந்தக் கூட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை கிடையாது. என் வாயில் முதல் ஜெபம் வந்தது இங்கேதான். மைக்கைக் கையில் பிடித்து நாலு வார்த்தை பேசப் பழகியதும் இங்கேதான். 1881 பிப்ரவரியில் அமெரிக்காவில் போர்ட்லண்ட் என்ற ஊரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தன் சபை வாலிபர்களுக்காக கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தைத் தொடங்கியபோது, பிள்ளைகளே ஜெபிக்க வேண்டும், பிள்ளைகளே பேச வேண்டும், கமிட்டி வேலைகளையும் பிள்ளைகளே செய்ய வேண்டும் என்று வைத்தார். பெரியவர்கள் நடத்துவதை உட்கார்ந்து கேட்பது என்ற பழக்கத்தை அது உடைத்தது. நம் வாலிபர் ஐக்கியங்களில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பிள்ளைகளே பொறுப்பு எடுப்பதிலும் அந்த எண்ணத்தின் சாயல் இருக்கிறது. வாலிபர் ஞாயிறு அன்று ஒரு பதினேழு வயதுப் பெண் பீடத்தில் நின்று பழைய ஏற்பாட்டுப் பாடத்தை வாசிக்கும்போது, பின் வரிசையில் அவளுடைய ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். இதை வீட்டுக் குழுவில் கொண்டுவர முடியாது. அப்புறம் கூட்டம் என்பது திறந்த வாசல். யாரும் அழைக்காமலேயே புதிதாக ஒருவர் உள்ளே வந்து உட்காரலாம்.

ஆனால் வாசல் திறந்திருந்தாலும் உள்ளே வர முடியாதவர்கள் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புத் தம்பி ஒருவன் ஏறக்குறைய ஒவ்வொரு ஞாயிறும் மூன்றரை மணிக்கு நண்பனின் பைக்கில் வந்து ஆலயத்தின் பக்கவாட்டில் இருக்கும் வேப்பமரத்தடியில் நிற்பான். இறங்க மாட்டான். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பாட்டு முடியும் வரை இருப்பான். ஒருவர் பின் ஒருவராக ஜெபிக்கும் சங்கிலி ஜெபம் ஆரம்பிக்கும்போது போய்விடுவான். நான் ஒவ்வொரு தடவையும் "உள்ளே வா தம்பி" என்பேன். சிரிப்பான். அவனுக்கு ஆர்வம் இல்லை, பாட்டுக்காக மட்டும் வருகிறான் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். உண்மை வேறு என்று, ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து காலத்தில்தான் தெரிந்தது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

நேரமும் இப்போது எதிராக இருக்கிறது. ஞாயிறு என்றால் டியூஷன் இருக்காது என்ற காலம் போய்விட்டது. நீட் பயிற்சி மையங்களில் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் ஜனவரியிலிருந்தே வருவதில்லை. பொதுத்தேர்வு முடிந்து அவர்கள் திரும்பும்போது, நடுவில் விட்டுப்போன மூன்று மாதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூ முடித்தவர்கள் ஜூன், ஜூலையில் ஊரைவிட்டே போகிறார்கள். கூட்டம் என்பது வந்தவர்களைக் கவனிக்கும் அமைப்பு. வராதவர்களைத் தேடிப்போக அதற்குக் கால் கிடையாது. நல்ல சவுண்ட் சிஸ்டம் வாங்கினாலும் இதுதான் நிலைமை.

முகாமைப் பற்றி மனம் திறந்து எழுத வேண்டும். 16 வயதில் ஒரு முகாமின் கடைசி இரவில்தான் நான் ஆண்டவருக்கு என்னை ஒப்புக்கொடுத்தேன். அந்த இரவை இன்றைக்கும் சந்தேகிக்கவில்லை. பின்னர் நானே பல முகாம்களை நடத்தியிருக்கிறேன். கடைசி இரவு, விளக்குகளைக் குறைத்து, மரத்தில் செய்த ஒரு சிலுவையை முன்னால் நிறுத்துவோம். பிள்ளைகள் தங்கள் பாவத்தைச் சின்னத் தாளில் எழுதி, நாலாக மடித்து, வரிசையில் வந்து அதில் ஆணியடிப்பார்கள். சுத்தியல் சத்தமும் விசும்பலும் தவிர வேறு சத்தம் இருக்காது. அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை, ஒவ்வொருவரும் உண்மையாகவே அழுதார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பிய மூன்றாவது வாரம் அவர்களில் ஒருவனை ரோட்டில் பார்த்தபோது, என்னைக் கண்டதும் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். எழுதி ஆணியடித்த அந்தக் காரியத்தில் அவன் மறுபடி விழுந்திருந்தான். அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. முகாம் அவன் மனதைத் திறந்துவிட்டது. திறந்த மனதோடு அவன் ஊருக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார ஆள் வைக்காமல் விட்டது எங்கள் தப்பு. பிள்ளைகளை அப்படி விடுவது கொடுமை என்றே இப்போது நினைக்கிறேன்.

செலவையும் பாருங்கள். 60 பேருக்கு மூன்று நாள், சாப்பாடு, தங்குமிடம், பஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 2,500 என்றால் 1,50,000 ரூபாய். மூன்று நாளைக்கு இவ்வளவு செலவழித்துவிட்டு மிச்சம் 362 நாளைக்கு 50,000 வைப்பது சரியான பங்கீடாகத் தெரியவில்லை.

சரி, வீட்டுக் குழுக்கள். இதைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன். அதனாலேயே இதிலுள்ள சிக்கல்களை மற்ற இரண்டையும்விட அதிகமாகச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

யோசனை இதுதான்: ஏழு பேருக்கு ஒரு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு பெரியவர்கள், வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம். ஒரு வேதபகுதியை வாசிப்பது, அந்த வாரம் எப்படிப் போனது என்று ஒவ்வொருவரும் சொல்வது, ஜெபிப்பது, ஏதாவது சாப்பிடுவது. குழு மூன்று வருடம் மாறாது. வெளியூர் போனவர்களும் தங்கள் குழுவின் கணக்கில்தான் இருப்பார்கள். அந்தப் பெரியவர்கள் அவர்களை வாரம் ஒருமுறை போனில் கூப்பிடுவார்கள். 1844-இல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடைப் பணியாளர், தன்னோடு வேலை செய்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் அறையில் ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் ஆரம்பித்ததுதான் ஒய்.எம்.சி.ஏ. அன்று அவருக்கு 22 வயது. கூடியவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள்.

இந்த வருடம் லெந்து காலத்தில் இரண்டு குழுக்களை மட்டும் சோதனையாக நடத்தினோம். ஒன்று ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடியது. பனங்கிழங்கு அவித்து, சுக்குக்காபி போட்டுவைத்திருந்தார்கள். வேப்பமரத்தடித் தம்பி, அது தன் நண்பன் வீடு என்பதால் வந்து உட்கார்ந்தான். மூன்று சனிக்கிழமை ஒரு வார்த்தை பேசவில்லை, கிழங்கின் நாரை உரித்து உரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இருந்தான். நாலாவது வாரம், எல்லாரும் இறங்கிப்போன பிறகு தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றுகொண்டு கேட்டான்: "அண்ணே, சத்தமா ஜெபம் பண்ணத் தெரியாதவங்க வாலிபர் கூட்டத்துக்கு வரலாமா?" இத்தனை நாளும் அவன் வண்டியைவிட்டு இறங்காததற்குக் காரணம் அந்தச் சங்கிலி ஜெபம்தான். வட்டமாக உட்கார்ந்தால் தன் முறை வரும், வந்தால் வாய் திக்கும், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்திருக்கிறான். பதினாலு வருடமாகக் கூட்டம் நடத்தும் எனக்கு இது தோன்றவே இல்லை. ஏழு பேர் உட்கார்ந்த இடத்தில்தான் இந்தக் கேள்வி வெளியே வந்தது. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இனி சிக்கல்கள்.

முதலாவது, எந்த வீடு என்பது. கிராமத்தில் இது சின்ன விஷயம் இல்லை. பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் வந்தால் குடும்பங்கள் இரண்டு அணியாக நிற்கிற ஊரில், ஒரு வீட்டுக்குப் போவதையே அந்த அணிக்குப் போவதாகப் பார்ப்பார்கள். ஆகவே கமிட்டி உறுப்பினர்கள், தேர்தலில் நின்றவர்கள் வீடுகளில் குழு கூடக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். கமிட்டியிலேயே சிலருக்கு இது கசப்பாக இருக்கும், தெரியும். தெருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கத்து வீடு, பக்கத்துத் தெரு என்று வசதிக்காகக் குழுவைப் பிரித்தால், நாம் வாயால் சொல்லாமலேயே சாதி வாரியாகப் பிரித்ததாகிவிடும். ஞாயிறு காலையில் ஒரே பாத்திரத்திலிருந்து நற்கருணை வாங்குகிற பிள்ளைகள் சனிக்கிழமை மாலையில் தெருத் தெருவாகப் பிரிந்து உட்கார்ந்தால் அந்தக் குழு கூடாமல் இருப்பதே நல்லது. தாய்ச்சபை, கிளைச்சபை, எல்லாத் தெருவும் கலந்துதான் பெயர்களைப் போட வேண்டும். தூரம் அதிகமாகும். ஆட்டோ வைக்க வேண்டியிருந்தால் அந்தப் பணத்திலிருந்து வைக்கலாம். அதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பெண்பிள்ளைகளின் நேரம். இரவு ஏழரைக்கு வைத்தால் எந்த அம்மாவும் அனுப்ப மாட்டார்கள், அவர்கள் சொல்வதும் நியாயம். சனிக்கிழமை மாலை ஐந்திலிருந்து ஆறு, இருட்டுவதற்கு முன்னால் வீடு. 18 வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்குத் தனிக்குழு, இரண்டு பெரியவர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும்.

மூன்றாவது, பாதுகாப்பு. இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாராக இல்லை. ஆலயத்தில் நூறு கண்கள் இருக்கும், வீட்டில் இருக்காது. ஆகவே ஒரு பெரியவர் தனியாக எந்தப் பிள்ளையோடும் அடைத்த அறையில் உட்காரக் கூடாது. எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். நள்ளிரவில் தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரியவந்தால் காவல்துறைக்குச் சொல்வது ஒவ்வொருவருக்கும் கட்டாயம். சொல்லாமல் மறைப்பதே குற்றம். "சபை மானம் போகும், நமக்குள்ளேயே பேசி முடிச்சிருவோம்" என்ற பேச்சுக்கு அந்தச் சட்டத்திலும் இடமில்லை, சுவிசேஷத்திலும் இடமில்லை. குழு நடத்தும் ஒவ்வொருவரும் இதை வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

நான்காவது, ஐயரின் கவலை. சின்னக் குழு கூடிக் கூடி, கடைசியில் தனிச் சபையாகப் பிரிந்துபோன கதைகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. பயம் வெறும் பயமில்லை. இதற்காக, மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாக் குழுவும் ஆலயத்தில் ஒன்றாகக் கூட வேண்டும். எல்லாக் குழுவும் ஒரே வேதபகுதியைப் படிக்க வேண்டும். குழு நடத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை ஐயரோடு உட்கார வேண்டும். அப்படியென்றால் வாராந்தர ஞாயிறு கூட்டம் மாதாந்தரக் கூட்டமாக மாறும். சங்கிலி ஜெபத்தை விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிடலாம்.

ஐந்தாவதுதான் உண்மையிலேயே பெரியது: ஆட்கள். ஊரில் இருக்கிற 53 பேருக்கு எட்டுக் குழு. எட்டுக் குழுவுக்கு 16 பெரியவர்கள். "எங்களுக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாதே" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். பிரசங்கம் வேண்டாம். ஏழு பிள்ளைகளின் பெயர், பள்ளிக்கூடம், பரீட்சை தேதி, வீட்டுக் கஷ்டம் இது நாலும் தெரிந்திருந்தால் போதும். போன வாரம் அவள் சொன்னதை இந்த வாரம் ஞாபகம் வைத்துக் கேட்கத் தெரிந்தால் அது பிரசங்கத்தைவிடப் பெரிது. ஆனால் மூன்று வருடம், வாராவாரம். இது லேசான வேலை என்று யாரையும் ஏமாற்றிச் சேர்க்கக் கூடாது. கல்யாண சீசனில் சனிக்கிழமை வரவேற்பு நிகழ்ச்சிகளை விட வேண்டிவரும். சலிப்பு வரும். சில குழுக்கள் நடுவில் நின்றுபோகும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் 30 வயதுக்குக் கீழே இருந்தால் நல்லது. அசரியாவுக்கு 28 வயதில் ஒரு மிஷனரி சங்கத்தைத் தொடங்க முடிந்தது என்றால், நம் ஊர் 28 வயதுக்காரர்களிடம் ஏழு பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.

பணத்தை எப்படிச் செலவிடுவது என்று கமிட்டி கேட்கும். வீட்டுக் குழுவுக்குச் செலவு ரொம்பக் குறைவு, கிழங்கும் காபியும் அந்த அந்த வீட்டுக்காரர்களே கொடுத்துவிடுவார்கள். நான் எழுதியிருப்பது: வருடத்துக்கு இரண்டு தடவை குழுத் தலைவர்களுக்கு நல்ல பயிற்சி. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் போய், வெளியூரில் இருக்கிற 31 பேரையும் அவர்கள் ஹாஸ்டலிலோ அறையிலோ நேரில் பார்த்து, ஒருவேளை சாப்பாடு வாங்கிக்கொடுத்துவிட்டு வர ரயில் செலவு. இரண்டு வருடத்துக்கு ஒரு முகாம். ஆனால் அதில் வெளியிலிருந்து வரும் பேச்சாளர் பிரதானமாக இருக்க மாட்டார், ஒவ்வொரு குழுவும் தன் சொந்தத் தலைவர்களோடு வரும், கடைசி இரவில் அழுகிற பிள்ளை பக்கத்தில் யார் உட்காருகிறார்களோ அவர்களே மூன்றாவது வாரமும் ஊரில் இருப்பார்கள். அப்புறம், ஓய்வுபெற்ற டீச்சர் மாதிரி ஒரு பெண், வாரத்தில் மூன்று நாள், சின்ன மதிப்பூதியத்தோடு, பெண்பிள்ளைகளையும் அவர்கள் அம்மாக்களையும் வீடு வீடாகச் சந்திக்க. முழுநேர ஊழியர் என்ற யோசனையில் எனக்குப் பிடித்த பகுதியை இப்படி எடுத்துக்கொண்டேன்.

கமிட்டி அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு கூடுகிறது. ஐயர் படித்துப் பார்த்துவிட்டு, வீடு தேர்வு பற்றிய பத்தியில் மட்டும் பென்சிலால் கோடு போட்டு, "இதை நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். பெரியவர்கள் 16 பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். ஒன்பது பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் முடியாது என்றார்கள், ஐந்து பேர் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்கள். 84 பெயரையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெரியவர் பெயரை எழுதிக்கொண்டு வருகிறேன். வேப்பமரத்தடித் தம்பியின் பெயருக்கு நேரே மைக் செட் பார்க்கிற உபதேசியார் தன் கைப்பட எழுதிக்கொண்டார். நோட்டில் 37 இடம் இன்னும் காலியாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை பாடகர் குழு அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறேன்.